ஆமாம் போடுகிறவர்

பதிப்பாளர் சுப்பிரமணியன் கேட்டது பெரிய விஷயமில்லை. ஜெயராணியின் மொழிபெயர்ப்பில் ஏதென்ஸ் கிழவர் பேசுவதெல்லாம் அப்படியே இருக்கட்டும். எதிரே உட்கார்ந்து கேட்கிறவன் சொல்லும் 'ஆமாம்', 'அப்படித்தான்', 'வேறெப்படி இருக்க முடியும்' எல்லாவற்றையும் மட்டும் எடுத்துவிட வேண்டும்.

"பக்கம் ஜாஸ்தியாவுது மேடம். வெறும் ஆமாமை யாரு படிப்பா? எடுத்துட்டீங்கன்னா அடுத்த மாசமே அச்சுக்குப் போயிடலாம். சாயங்காலம் கூப்பிடுறேன், ஒரு பதில் சொல்லிடுங்க."

ஜெயராணிக்கு அறுபத்தாறு வயது. பழைய கிரேக்கத் தத்துவம் படித்து, அதையே சிதம்பரத்தில் பாடமாக நடத்தி, ஓய்வும் பெற்றவள். அந்தக் காலத்து ஏதென்ஸில் ஒரு கிழவர் தெருவில் போகிறவர் வருகிறவரை மடக்கிக் கேள்வி கேட்ட உரையாடல்களை, நேராகக் கிரேக்கத்திலிருந்து தமிழாக்கி வைத்திருந்தாள். வாழ்நாள் வேலை அது. போன இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். இவரையும் விட்டால் வேறு ஆள் கிடையாது என்பது அவளுக்கே தெரியும்.

எடுக்கலாமா, வேண்டாமா? அதைக் கேட்க உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். தாள்களைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறிவிட்டாள்.

கடலூர் அவள் பிறந்த ஊர்தான். அப்பா முதுநகர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மகள் சென்னையில் எம்.ஏ. படிக்கும்போது, பாதிரியார் ஆகப்போகிறவர்களுக்காக நடந்த மாலை வகுப்பில் போய்க் கிரேக்கம் கற்றுக்கொண்டாள். வகுப்பில் ஒரே பெண். ஊருக்கு வந்தால் அத்தைமார் கேட்பார்கள், "இத படிச்சா அந்த ஊருக்கு விசா குடுப்பாங்களா?" சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளை அந்தோணிசாமிக்கு வேறு கவலை. அந்தக் கிரேக்கர்கள் இயேசுவுக்கு முன்னால் பிறந்தவர்களாயிற்றே, மோட்சம் உண்டா என்று கேட்டார். பெண் பார்க்க வந்த ஒருவர் நல்லா சமைப்பீங்களா என்று கேட்டதற்கு, நல்லா என்றால் என்ன அர்த்தத்தில் கேட்கிறீர்கள் என்று இவள் திருப்பிக் கேட்டுவிட்டாள். வந்தவர்கள் காபியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

சிதம்பரத்தில் வேலை கிடைத்தது. வீடு கிடைப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. கடலூரில் எந்தத் தெரு என்று கேட்ட பிறகு, நேற்றுக் காலியாக இருந்த வீடு இன்று காலியாக இருக்காது. கடைசியில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு அமைந்தது. வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஜெயராணி மேடம் யாரையும் பெயில் போடமாட்டார் என்பதற்காகவே பிள்ளைகள் அந்தப் பாடத்தை எடுத்தார்கள், எடுத்துவிட்டுத் தூங்கினார்கள்.

ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் அலைந்து, திடீரென்று ஒரு விடியற்காலையில் பொருத்தமான தமிழ்ச் சொல் அகப்பட்டுவிடும். கைதட்டிக் குதிக்கத் தோன்றும். யாரிடம் சொல்வது? உலை வைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு வகுப்புக்குப் போவாள். அழுதால் என்னவென்று கேட்கப் பக்கத்து வீட்டிலாவது ஆள் உண்டு. இந்தச் சந்தோஷத்தைக் கேட்கத்தான் யாருமில்லை.

அப்போதுதான் சபாபதி வந்தார். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரினங்கள் பற்றிப் பாடம் நடத்தியவர், நண்டில் நிபுணர். இவள் துறைக்கு வேறு யாரையோ பார்க்க வந்து, காத்திருக்கிற நேரத்தில் இவள் முன்னால் உட்கார்ந்தார். "என்ன எழுதறீங்க? படிங்க, கேப்போம்" என்றார். அந்தச் சனிக்கிழமை தொடங்கி, இருவரும் ஓய்வு பெற்ற பிறகும், சனிக்கிழமைதோறும் படித்தார்கள். ஊர் வாய்க்கு அவல் ஆகக் கூடாது என்று கதவைத் திறந்து வைத்துப் படித்தார்கள். அவர் மனைவி தில்லையம்மாள் பிளாஸ்கில் சுக்குக் காபி கொடுத்தனுப்புவாள்.

முறை இதுதான்: கிழவர் பேச்சை ஜெயராணி படிப்பாள், எதிராளியின் பதிலைச் சபாபதி படிப்பார். புரியாவிட்டால் "விளங்கலை" என்பார். விளங்குகிறவரை அந்த வாக்கியத்தைத் தாண்டக் கூடாது.

"என்ன மேடம், உங்காளு மூச்சு விடாம பேசறாரு. நம்மாளுக்கு ஆமாம் போடறதே பொழப்பா?" என்று அலுத்துக்கொள்வார். எதிராளி அவசரப்பட்டு ஒத்துக்கொள்கிற இடங்களில் சபாபதிக்குப் பொறுக்காது. தாளில் இருக்கிறதே என்று வாயால் "ஆமாம்" படிப்பார். மேசைக்குக் கீழே இடது கையை விரித்து, கண்ணாடியில் தூசி துடைக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டுவார். எனக்குச் சம்மதமில்லை என்று அர்த்தம். ஜெயராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே படிப்பாள்.

தில்லையம்மாள் போய்ச் சேர்ந்த மறுவருடம் சபாபதிக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், ஒரே ஒரு சொல் மிஞ்சியது. மகன் அருண்பாண்டியன் வந்து கடலூருக்கு அழைத்துப்போய்விட்டான்.

முதுநகரில் இறங்கி அந்த வீட்டை அவள் கண்டுபிடித்தபோது அருண்பாண்டியன் சிப்காட்டுக்கு ஷிப்ட் போயிருந்தான். மருமகள் ரேகா கதவைத் திறந்தாள். நல்ல பெண். மாமனாரைக் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி, மடியில் துண்டு போட்டு நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். எதிரே டிவியில் சீரியல் ஓடியது. முன்பெல்லாம் சீரியல் சத்தம் கேட்டாலே எழுந்து போய்விடுகிற மனுஷன்.

"மாமாவால ஒரு தொந்தரவும் இல்ல டீச்சர். எது கேட்டாலும் ஆமாம்தான். சிதம்பரம் வீட்ட காலி பண்ணிடலாமான்னு அவுங்க கேட்டப்பவும் ஆமாம்னுட்டாரு." டிவியை நிறுத்தி, காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"சார், புத்தகம் வரப்போவுது" என்றாள் ஜெயராணி. "ஆனா ஆமாமை எல்லாம் எடுக்கச் சொல்றாங்க. எடுத்துடலாமா?"

"ஆமாம்," என்றார் சபாபதி.

ஜெயராணி கேள்வியை மாற்றிப் பார்த்தாள். "இல்ல, இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

இவரும் இல்லை. நாற்காலியில் யாரோ வேட்டி கட்டி உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். இனிமேல் விளங்கலை என்று சொல்லக்கூட ஆளில்லை என்று நினைத்தபோது, புத்தகம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்றிருந்தது.

வந்ததற்கு ஒரு தடவை படித்துவிட்டுப் போகலாமே என்று தாளை எடுத்தாள். நண்பன் என்றால் யார் என்று பேச ஆரம்பித்து, விடை கிடைப்பதற்குள் வீட்டு ஆட்கள் வந்து பையன்களைக் கூட்டிப்போய்விடுகிற உரையாடல் அது. பதில்களை விட்டுவிட்டு, கிழவர் பேச்சை மட்டும் கடகடவென்று படித்தாள்.

"ஆமாம்," என்றார் சபாபதி.

பதில் இருந்த இடம் அது. அடுத்த பதில் இருந்த இடத்திலும் சொன்னார். அவள் வேண்டுமென்றே வாக்கியத்தின் நடுவில் நிறுத்திப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை, மீதியைப் படி என்பதுபோல் பார்த்தார். படித்து முடித்தாள்.

"ஆமாம்."

நல்லவனுக்கு எதுவும் குறையில்லை, குறையில்லாதவனுக்கு நண்பன் எதற்கு என்று கிழவர் மடக்குகிற இடம் வந்தது. எதிராளி அவசரப்பட்டு ஒத்துக்கொள்வான். அந்த இடத்தில் சபாபதி எப்போதும் சண்டைக்கு நிற்பார்.

"ஆமாம்," என்றார். மடியிலிருந்த துண்டு அசைந்தது. ஜெயராணி துண்டை விலக்கினாள். இடது கை விரிந்து, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

"சார், ஆமாமை எல்லாம் எடுத்துடலாமா?"

"ஆமாம்." கை ஆடியது.

"இருக்கட்டுமா?"

"ஆமாம்." கை சும்மா கிடந்தது.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சொல்லிவைத்த மாதிரி போன் அடித்தது.

"என்ன மேடம், எடுத்துடலாம்ல?" என்றார் சுப்பிரமணியன்.

"இல்லைங்க."

"அப்ப புத்தகம் கஷ்டம் மேடம்."

"பரவால்லைங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள். தாள்களை மறுபடி பைக்குள் வைத்தாள்.

ரேகா காபி டம்ளரை எடுக்க வந்தாள். "இப்ப கெளம்புனாதான் சிதம்பரம் பஸ்ல உக்கார எடம் கெடைக்கும் டீச்சர்."

ஜெயராணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "போயிட்டு வரட்டுமா சார்?"

"ஆமாம்," என்றார் சபாபதி. கை ஆடியது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அது ஓயவில்லை.

"சரின்னுட்டாரு பாருங்க," என்றாள் ரேகா.

"இல்லன்னு சொல்றாரும்மா."

"ஆமாம்னுதானே டீச்சர் சொன்னாரு?"

ஜெயராணி பையைக் கீழே வைத்தாள். இந்த வீட்டில் இத்தனை மாதமாக அந்தக் கை துண்டுக்குள்ளேயே ஆடி ஆடி ஓய்ந்திருக்கிறது. நினைக்கவே அவளுக்குத் தாங்கவில்லை.

"ஏதாவது கேளும்மா. வாயப் பாக்காத, கையப் பாரு."

ரேகா சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. "மாமா, உங்களுக்கு இங்க எங்ககூட இருக்கப் புடிச்சிருக்குதானே?"

"ஆமாம்," என்றார் சபாபதி.

ஆடிக்கொண்டிருந்த கையை ரேகா பார்த்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.