ஆமாம் சொல்லிவிட்டு வந்த எல்க்கானா

1788ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், அமெரிக்காவுக்கான புதிய அரசியல் சட்டம் வேண்டாம் என்று வாக்களிக்கத்தான் எங்கள் ஊர் எல்க்கானாவைப் பாஸ்டனுக்கு அனுப்பியது. தோல் பதனிடும் அந்த மனிதர் ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். ஊரில் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மனைவி ரூத்தின் அண்ணன், கொல்லர் சைலஸ் மட்டும் நேரே வீட்டுக்கு வந்தார்.

“ஒரு ராஜாவை விரட்டினோம். இன்னொருத்தனுக்கு நாற்காலி போட்டுட்டு வந்திருக்கே, மாப்ளே.”

“அந்தப் பயத்தோடதான் நானும் போனேன், மச்சான். அந்தச் சட்டம் யாரையும் நம்பச் சொல்லலை. சட்டம் போடுறவன், நடத்துறவன், தீர்ப்பு சொல்றவன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. ஒருத்தன் எல்லை மீறினா மத்தவன் தடுக்கலாம்.”

“மூணு பேரும் கூட்டு சேர்ந்துட்டா? நான் வாய் திறந்து பேசுறதுக்கு யார் காவல்?”

“ஜனங்களோட உரிமையையும் எழுதிச் சேருங்கன்னு கேட்டிருக்கோம். அதுக்கப்புறம்தான் ஆமாம்னேன்.” எல்க்கானா தயங்கினார். “ஆனா ஊர் பேச்சை மீறினது நிஜம். மே மாசம் மாகாணச் சபைக்கு ஆள் எடுக்கும்போது நீ நில்லு. இப்ப அங்க ஊர் ஆளா இருக்கிற என்னை இறக்கிடு.”

“இறக்காம விடுவேனா?” என்றபடி சைலஸ் உட்கார்ந்து, ரூத் வைத்த அவரைப்பருப்புக் கூழைச் சாப்பிட ஆரம்பித்தார்.

மே மாதக் கூட்டத்தில் சைலஸின் பெயரை முன்மொழிந்தவர் எல்க்கானாதான். ஜெயித்து வெளியே வந்த சைலஸ், அவர் தோளில் கை போட்டார்.

“நான் அங்க தப்பு பண்ணினா நீதான் முதல்ல கத்தணும், மாப்ளே.”