கல்யாணம் முடியட்டும்

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்றுதான் கணவன் முதலில் கேட்டான்.

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். தட்டில் இருந்த அவன் கை அப்படியே நின்றது. மாமியார் தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, போன மாதமும் இருந்தது, இந்த மாதமும் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவள் சொன்னது இவ்வளவுதான். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதற்கே ஜன்னல் சாத்தப்பட்டது.

கணவன் ஒரு மருந்துக்கடையில் விற்பனையாளன். கடைக்கு வரும் பெண்கள் தயங்கித் தயங்கி எதையாவது கேட்டால், இதற்கெல்லாம் நீங்களாக மாத்திரை போடக் கூடாது, டாக்டரைப் பாருங்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொல்வான். அந்தத் தெருவில் அவனுக்கு நல்ல பெயர். இப்போது அவன் தங்கையின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இவளுக்கு ஏற்கெனவே ரெண்டு இடம் கைகூடி வந்து நழுவிப் போச்சு. இந்த இடம் அமையற நேரத்துல, வீட்டுல இப்படி ஒரு வியாதின்னு காதுல விழுந்தா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. கல்யாணம் முடியட்டும். மறுநாளே நானே கூட்டிட்டுப் போறேன்."

மாமியாரும் அதையே சொன்னாள். அவள் பொல்லாதவள் அல்ல. கர்ப்பப்பை இறங்கி வருடக்கணக்கில் அவதிப்பட்டதை டாக்டரிடம்கூடப் பாதிதான் சொன்னவள். வந்த வலி வந்தபடியே போகும் என்று இருந்து பழகியவளுக்கு, மருமகள் கேட்பது என்னவோ ஊரில் இல்லாத செல்லமாகப் பட்டது. நாங்களெல்லாம் இதையெல்லாம் வாய்விட்டுப் பேசினோமா என்றாள்.

அவள் சரி என்றாள். தட்டுகளை எடுத்துப் போய்க் கழுவினாள். பயமோ அழுகையோ வரும் என்று எதிர்பார்த்தாள். எதுவும் வரவில்லை. பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது நெஞ்சு.

அவளுக்கு அந்தக் கட்டி தெரிந்ததே தையல்கூடத்துத் தோழிகளால்தான். ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் தைத்துக் கொடுக்கும் இடம் அது. அங்கே நாலு பேர் ஒரு மேசையில் சாப்பிடுவார்கள். அதில் ஒருத்திக்கு 'வெடி' என்று பட்டப்பெயர். அவள் சிரித்தால் மேற்பார்வையாளர் எட்டிப் பார்ப்பார். வெடி ஒரு நாள் ஏதோ இலவச மருத்துவ முகாமுக்குப் போய்விட்டு வந்து, வெட்டுத்துணியில் பஞ்சை அடைத்து, உள்ளே எங்கோ ஒரு பொத்தானை வைத்துத் தைத்தாள். மற்றவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, மூன்று விரலால் வட்டமாக அழுத்திக் கண்டுபிடிக்கச் சொன்னாள். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானதுதான் மிச்சம். ஆனால் அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை, குளிக்கும்போது எல்லோரும் பார்த்துக்கொள்வது வழக்கமானது. சாப்பாட்டு நேரத்தில் "பொத்தான் தேடினியாடி?" என்று ஒருத்தி கேட்பாள். "தேடினேன், கெடைக்கல, கடையிலதான் வாங்கணும்" என்பாள் இன்னொருத்தி. மறந்து போனவளை மற்ற மூவரும் விட மாட்டார்கள். வேலை விட்டதும் ரயில் பாலம் வரைக்கும் நடந்துவிட்டுத்தான் பிரிவார்கள். தன் உடம்பு என்று ஒன்று இருக்கிறது, அதைக் கேட்கவும் நாலு பேர் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு அந்த மேசையில்தான் தெரிந்தது.

அந்த மேசைதான் முதலில் போனது. கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று சொல்லி மாமியார் அவளைத் தையல்கூடத்திலிருந்து நிறுத்தினாள். பெண்கள் நாலு பேர் கூடினால் நாக்கு நிற்காது என்பது உண்மைக் காரணம். பிறகு கைப்பேசி கணவனின் சட்டைப்பையில் இருக்கத் தொடங்கியது. தோழிகள் அழைத்தால் அவனே எடுத்து, கை வேலையாக இருக்கிறாள், அப்புறம் பேசுவாள் என்று மரியாதையாகச் சொன்னான். அந்த அப்புறம் வரவே இல்லை.

வெடி ஒரு நாள் நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில் மாமியார் நின்றுகொண்டு, மருமகள் தூங்குகிறாள் என்றாள். உள்ளே அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெடியின் குரல் கேட்டது. ஒரு கூப்பிடு கூப்பிட்டால் போதும். அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

"எழுந்ததும் நான் வந்தேன்னு சொல்லுங்கம்மா. பொத்தான் தேடினியான்னு கேட்டேன்னு சொல்லுங்க."

"என்ன பொத்தான்?"

"சும்மா, சட்டைப் பொத்தான்" என்றாள் வெடி. மாமியார் கதவைச் சாத்தினாள்.

நாட்கள் ஓடின. நகைக்கடை, துணிக்கடை, மண்டப விசாரிப்பு என்று வீடு பரபரத்தது. கட்டி கொஞ்சம் பெரிதானது. அவள் தன் சின்ன மகளை இரவில் இடப்பக்கம் படுக்கவைப்பதை விட்டுவிட்டாள். கணவன் கடையிலிருந்து வலி மாத்திரை கொண்டுவந்து மேசையில் வைப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். நாத்தனாருக்கு ஒன்றும் தெரியாது. அண்ணி ஏன் இப்போதெல்லாம் பேசுவதில்லை என்று ஒரு தடவை கேட்டாள். அசதி என்று அண்ணி சொன்னதை நம்பினாள்.

நாள் குறித்துவிட்டுப் போக மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா மூவர்தான். கூடத்தில் பேச்சு கலகலத்தது. அவள் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மேல்தட்டில் இருந்த பாத்திரத்தை எடுக்கக் கையை உயர்த்தியவள் பாதியிலேயே கையை இறக்கி, வலது கையால் எடுத்தாள்.

"இடது பக்கமா?"

மாப்பிள்ளையின் அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டு வந்தவள். நிதானமான, கொஞ்சம் குனிந்த பெண். அவள் உள்ளே வந்து குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு கேட்காதபடிக்கு.

"நானும் இப்படித்தான் கையைத் தூக்குவேன். எனக்கு எடுத்துட்டாங்க. வயித்துல ஆபரேஷன்னு சொல்லி வெச்சிருக்கோம். இவன் அப்பா, பையன் கல்யாணம் ஆகற வரைக்கும் ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னுட்டார்." ஒரு டம்ளரைக் கழுவினாள். அதையே மறுபடி கழுவினாள். "ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"கல்யாணம் முடியட்டும்னு..."

"காத்திருக்காதேம்மா. நான் காத்திருந்து பாத்தவ. கட்டி காத்திருக்காது." குழாயை மூடினாள். "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."

தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கூடத்துக்குத் திரும்பிப் போனாள்.

அவள் டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். எல்லோருக்கும் கொடுத்தாள். அடுத்த மாதம் வேண்டாம், அதற்கடுத்த மாதம் மண்டபம் கிடைக்கிறது என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அதனாலென்ன, நிதானமாகவே வைத்துக்கொள்ளலாம் என்றாள் மாமியார். காலித் தட்டை மார்போடு அணைத்தபடி அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"எனக்கு மார்புல கட்டி இருக்கு. கல்யாணம் முடியட்டும்னு இவ்வளவு நாள் போகல. இனிமே முடியாது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றாள்.

குரல் உயரவில்லை. அவளுக்கே அது வேறு யாரோ படித்துக் காட்டுவது போல இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு பேச்சு வேறு மாதிரி ஆயிற்று. ஆரோக்கியமான குடும்பம் என்று நம்பித்தான் வந்தோம் என்றார். அவள் இந்த வீட்டுக்கு வந்த மருமகள், எங்கள் ரத்தம் இல்லை, என் பெண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது என்று மாமியார் கெஞ்சினாள். இன்றைக்கு இதை மறைத்தவர்கள் இன்னும் எதை மறைப்பீர்களோ என்று அவர் எழுந்துகொண்டார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து அடங்கினான். அவன் அம்மா கைப்பையை நெஞ்சின் இடப்பக்கத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடைசியாக வெளியேறினாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கதவு மூடியதும் மாமியார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மனசு குளிர்ந்ததா என்று மருமகளைக் கேட்டாள். கணவன் கத்தவில்லை. களைத்துப் போனவனாக, "எப்பேர்ப்பட்ட குடும்பம். ஒரு நோய் நொடி கிடையாது அவங்க வீட்டுல. அவங்க முன்னால போய் இதைச் சொல்லணுமா?" என்றான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பேச்சு தலைகீழாகிவிடும். சமையலறையில் தண்ணீர் ஓடிய சத்தம் அவள் காதில் இருந்தது. அவள் சொல்லவில்லை. அது இன்னொருத்தியின் உடம்பு.

நாத்தனார்தான் அறையிலிருந்து வந்து, எத்தனை நாளாக இது என்று கேட்டாள். அண்ணனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டதிலிருந்தே அவளுக்கு விளங்கியது. அண்ணனின் சட்டைப்பையில் கையை விட்டு அண்ணியின் கைப்பேசியை எடுத்து அண்ணியிடம் கொடுத்தாள். அதை வாங்கி அண்ணி வெடியின் எண்ணை அழுத்தினாள். "பொத்தான் கெடைச்சிருச்சுடி" என்றாள். "காலையில ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறேன். சாப்பிடாம வா, ரத்தம் எடுப்பாங்க" என்றாள் வெடி.

காலையில் மாமியார் கதவருகே வரவில்லை. கணவன் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கடைக்குப் போயிருந்தான். நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் கூடவே கிளம்பினாள். ஆஸ்பத்திரி வாசலில் தையல்கூடத்து மூவரும் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். வெடி அன்று சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்தவள் உள்ளே கூப்பிடும்வரை விடவும் இல்லை.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். தொட்டுப் பார்த்தார். அக்குளிலும் அழுத்திப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் நாற்காலிக்குத் திரும்பி எழுதத் தொடங்கினார். என்னென்ன பரிசோதனைகள் என்று சொன்னார். பிறகு எப்போது முதல் தெரியும் என்று கேட்டார். அவள் சொன்னாள். மருத்துவர் தலை நிமிர்ந்தார்.

"ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிருக்கீங்க. அப்புறம் ஏம்மா இவ்வளவு நாள் வரல?"

பக்கத்தில் நின்ற நாத்தனார் சொன்னாள்:

"எனக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருந்தாங்க டாக்டர்."

படிவத்தில் தாமதத்துக்கான காரணம் என்று அச்சிட்ட இடத்தில் பேனாவை வைத்தபடி, மருத்துவர் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.