தம்பியின் ரத்தத்தில் நூற்றுத் தொண்ணூறு நிமிடம்

எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் நாற்பத்தைந்தைத் தாண்டியதில்லை. அப்பா நாற்பத்திரண்டில் போனார், அண்ணன் நாற்பத்து நான்கில். ரத்தத்தில் அவ்வளவு கொழுப்பு, பரம்பரைச் சொத்து. என்னை அது தொடவில்லை. மிச்சமிருந்தவன் தம்பி வில்மார். மொந்தெவிதேயோவில் பஸ் ஓட்டினான், வயது நாற்பத்தொன்று. நான் அதே ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஊரார் ரத்தத்தோடு மாரடிப்பவள்.

கொழுப்புக்கு ரத்தத்தில் தனியாகப் போகத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் அதைச் சுமந்து போகின்றன. அந்த உருண்டை ஆக்ஸிஜன் பட்டுக் கெட்டால் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அடைக்கும். உருண்டைக்குள்ளேயே கொஞ்சம் வைட்டமின் ஈ இருக்கும். முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும். அது தீர்ந்துவிட்டால் காப்பாற்ற ஆளில்லை. நாங்கள் உருண்டைகளைப் பிரித்தெடுத்து, அவற்றைக் கெடவைக்கும் செம்பு உப்பைச் சேர்த்து, எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கின்றன என்று பார்ப்போம். சாதாரணமாக அறுபது, எழுபது.

நாள் முழுக்க நாங்கள் உறிஞ்சும் மாத்தே இலைச்சாறு இந்த நேரத்தை நீட்டுமா என்பதுதான் அந்த வருட ஆராய்ச்சி. ரத்தம் கொடுக்க ஆள் தேடியபோது வில்மார் கையை நீட்டினான். மாத்தேவுக்கான சுடுதண்ணீர் பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்காமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

அவனுக்கு நூற்றுத் தொண்ணூறு நிமிடம் வந்தது.

சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே ஒரு தடவை வந்த எண்ணை நம்பாதே என்று மாணவர்களைத் திட்டுகிறவள் நான். அன்றைக்கே போன் போட்டுச் சொன்னேன்.

"அப்போ இந்தப் பாழாப்போன கொழுப்பு மாத்திரை எதுக்குக்கா? ரெண்டு காலும் கடுக்குது. கிளட்ச்சை மிதிக்க முடியல."

"டாக்டரைக் கேட்டுக்கோ."

"அவருக்கு என்ன தெரியும்? என் ரத்தத்தை உள்ளே பூந்து பாத்தது நீதானே."

நிறுத்தாதே என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அவன் நிறுத்திவிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது, அதுதான் உண்மை.

நான்கு மாதம் கழித்து அவனிடம் மறுபடி ரத்தம் எடுத்தேன். வியாழக்கிழமை முடிவு வந்தது. முப்பத்தெட்டு நிமிடம்.

பழைய நோட்டைப் புரட்டினேன். ரத்தம் எடுக்கும்போதே அது கெடாமலிருக்க ஒரு காப்பு மருந்து கலப்போம். அந்த மருந்து செம்பைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். அதனால் சோதனைக்கு முன் உருண்டைகளை மெல்லிய பையில் கட்டி நீரில் போட்டு, நான்கு முறை நீர் மாற்றி, மருந்தைக் கழுவி எடுக்கவேண்டும். பிப்ரவரியில், கார்னிவல் முரசு ஊர்வலத்தன்று, இரண்டு முறை மாற்றிவிட்டு வேடிக்கை பார்க்க ஓடியிருக்கிறேன். நோட்டில் என் கையால் போட்ட டிக் இரண்டுதான். நூற்றுத் தொண்ணூறு நிமிடம் காத்தது மாத்தே இல்லை, நான் கழுவாமல் விட்ட மருந்து. அதுவும் கண்ணாடிக் குழாய்க்குள் மட்டும்.

சொல்லிவிடலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்கம்மா விஞ்ஞானி. அந்தக் கொழுப்புத் துண்டை இப்படித் தள்ளு. உனக்குத்தான் ஆகாது, எனக்கு ஒண்ணும் பண்ணாது."

சாப்பிட்டபின் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டபின், ஐம்பதாவது பிறந்தநாளை எங்கே கொண்டாடுவது என்று மனைவி மிர்த்தாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் ஓர் ஆண் ஐம்பதைப் பற்றிப் பேசி நான் கேட்டதேயில்லை. வாய் வரவில்லை. நாளைக்குப் போனில் சொல்லலாம் என்று கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமையும் சொல்லவில்லை.

செவ்வாய் காலை பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்டியரிங்கில் சாய்ந்தான். பயணிகள் இறக்கிப் படுக்கவைத்தபோது உயிர் இல்லை. மாத்திரையை விட்டதால் போனானா, விடாமலிருந்தாலும் போயிருப்பானா, யாராலும் சொல்ல முடியாது. அதில் எனக்குத் துளி ஆறுதல் இல்லை.

உடலை வைத்திருந்த கூடத்தில் மிர்த்தா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. மகள் நோயெலியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினாறு வயது. அவளுக்கும் அதே ரத்தம்தான், இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அத்தை, என் ரத்தத்தையும் பாத்துச் சொல்றீங்களா? அப்பா விட்டப்பவே நானும் விட்டுட்டேன். நம்ம ரத்தத்துக்கு அது வேணாம், அத்தையே பாத்துட்டாங்கன்னு அப்பாதான் சொன்னாரு."



"இன்னிக்கே மாத்திரையைப் போடு கண்ணு. அந்தச் சோதனை தப்பு. நான்தான் தப்பாச் செஞ்சேன். உங்கப்பா ரத்தத்துக்கு எந்தக் காவலும் இருந்ததில்ல."

மிர்த்தாவின் அழுகை நின்றது.

"எப்போ தெரியும் அண்ணி?"

"வியாழக்கிழமை."



"ஞாயித்துக்கிழமை எங்க வீட்லதானே சாப்பிட்டீங்க."

ஆமாம் என்றேன். என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.