இன்றுவரை எழுதவில்லை

இது நடந்தது 1916லா, அடுத்த வருஷமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பேச்சும் அங்கங்கே மாறியிருக்கலாம். அல்சூர் தபாலாபீஸ் எதிரே மேசை போட்டு ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுத்தவர் ஆம்ப்ரோஸ் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஜோசஃபின் வருவாள். பட்டாளத்தோடு கடல் தாண்டி பஸ்ரா சண்டைக்குப் போன அவள் புருஷன் சவரியப்பனிடமிருந்து கடிதமே இல்லை. பட்டாள ஆபீசுக்கு விசாரித்து எழுத வேண்டும். முதல் தடவை 'டிட் நாட் ரைட்' என்று எழுதிய ஆம்ப்ரோஸ், அதை அடித்துவிட்டு 'ஹாஸ் நாட் ரிட்டன்' என்று போட்டார்.

"ஏன் அண்ணா அடிச்சீங்க?"

"அது முடிஞ்சுபோன பேச்சும்மா. இது இன்னிக்கு வரைக்கும் எழுதலைன்னு அர்த்தம். நாளைக்கு எழுதலாம்."

"அப்ப இதையே போடுங்க. வெள்ளைக்காரனுக்கும் காத்துக்கிட்டிருக்கத் தெரியும் போல" என்று சிரித்தாள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வரும் பதில்கள் ஆம்ப்ரோஸ் விலாசத்துக்கே வரும். செப்டம்பர் பிறந்ததுமே அவளுக்குப் பதில் வந்தது. மூன்றே வரி. சவரியப்பன் மார்ச் மாதமே சண்டையில் இறந்திருந்தான்.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று கவரை மேசை இழுப்பறையில் வைத்தார். அவள் வந்து உட்கார்ந்து, "அதேதான் அண்ணா, எழுதுங்க" என்றாள். எழுதினார். தபாலில் போடவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும்.

டிசம்பரில் அவள் உட்காரவில்லை.

"சர்க்கார் கவரை அப்பவே உங்க கையில குடுத்தேன்னு தபால்கார நாணு சொல்றாரே?"

இழுப்பறையைத் திறந்து எடுத்து, தமிழில் சொன்னார்.

"போன மாசம் மரித்தோர் மாசம் அண்ணா. கோயில்ல எல்லாரும் அவங்க வீட்டுல செத்தவங்க பேரைச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. எனக்கும் சீட்டு நீட்டினாங்க. எம்புருஷன் இருக்காருன்னு சண்டை போட்டுட்டு வந்தேன். மாசம் பூரா அவருக்கு ஒரு ஜெபம்கூட இல்லாமப் பண்ணிட்டீங்களே."

"நீ தாங்கமாட்டேன்னுதான்..."

"நானா, நீங்களா?"

அவர் கவரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பூசைக்கு ஒரு சீட்டு எழுதுங்க. தமிழ்ல."

பெயரை எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு நடந்தாள்.

அதன்பின் அவள் அந்த மேசைக்கு வரவில்லை. கோலார் தங்கவயலில் தம்பி வீட்டில் பதினோரு வருஷம் இருந்து இறந்தாள். நாணு ஓசூர் பக்கம் மாற்றலாகிப் போனார். ஆம்ப்ரோஸ் கண் மங்கும்வரை மனு எழுதினார். நவம்பர்தோறும் கோயிலில் சவரியப்பன் பேருக்குச் சீட்டுக் கொடுத்தார். சவரியப்பனை எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.