பானுப்ரியா எங்கே பார்த்தாள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்த தணிகைமணி, தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான்.

"சார், நீங்க கதை எழுதறவருதானே? இவங்க எங்க பாக்கறாங்கன்னு சொல்லுங்க."

மொட்டைத் தலையில் ஈரச் சந்தனத்தோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய அக்கா பானுப்ரியா. எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் எழுத ஆரம்பித்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: தணிகைமணி ஒரு நாத்திகன், அவன்—

அடித்துவிட்டேன். நாத்திகனுக்குக் கடவுளோடு ஒரு வழக்காவது இருக்கும். இவனுக்கு அதுவும் இல்லை. முருகன் பெயரை வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்தே வளர்ந்து, அதை ஒரு மேடாக மட்டும் கண்டவன். மென்பொருள் எழுதுகிறவன். (அவன் வேலையைப் பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. படித்துவிட்டு, "இவ்ளோ கஷ்டமெல்லாம் இல்ல சார், பாதி நேரம் மீட்டிங்தான்" என்றான். எடுத்துவிட்டேன்.)

போன வருஷம் ஆட்குறைப்பில் வேலை போய், திருத்தணி பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் இருக்கும் வீட்டுக்கே திரும்பினான். அந்த மாதங்களில்தான் பழைய கேமரா ஒன்றை வாங்கினான். பனைமரம், ஆடு, தண்டவாளம், மழை தேங்கிய வயல் என்று எடுத்தான். மனிதர்களை மட்டும் எடுக்கவில்லை. "அவங்க நம்மகிட்ட எதையோ எதிர்பாக்கறாங்க சார்."

திருத்தணியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்காதான் வீட்டை ஓட்டினாள். வேலை கிடைத்ததா என்று ஒருநாளும் அவனைக் கேட்கவில்லை. (இவ்வளவு நல்லவளாக எழுத எனக்கே கூச்சம். கொஞ்சம் கோபக்காரி என்று சேர்க்கட்டுமா என்றேன். "தாராளமா சேத்துக்கங்க சார், உண்மைதான்.")

3

மறுபடி வேலை கிடைத்தது. அப்போதுதான் அக்கா சொன்னாள்.

"உனக்கு மொட்ட போடறதா வேண்டிகினு கீறேன். ஞாயித்துக்கெழம மலைக்குப் போலாம்."

"என்னக் கேக்காம என் தலைய எப்டிக்கா வேண்டுவ?"

"கேட்டா வேணாம்ப."

"திங்கக்கெழம புது க்ளையன்ட் வீடியோ கால்ல வராங்க. முடியாதுக்கா."

"உனக்குதான் சாமின்னா ஒன்னுமே இல்லியே. ஒன்னுமே இல்லாததுக்கு முடியக் குடுத்தா இன்னாடா?"

இதற்கு அவன் ஓர் அழகான பதில் சொன்னதாக எழுதிப் பார்த்தேன். ஆனால் நடந்தது வேறு. கேமராவை எடுத்துக்கொண்டு அவளோடு மலைக்கு மட்டும் போனான்.

மொட்டை போடும் மண்டபத்து வாசலில் அவனிடம் பையைக் கொடுத்து, "இரு, வரேன்" என்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது இடுப்பு வரை தொங்கிய பின்னல் இல்லை.

"அக்கா—"

"யாராவது ஒருத்தர் முடிக்கணும் இல்ல? இன்னா பாக்கற, எடு."

எடுத்தான். அவன் எடுத்த முதல் மனித முகம். முகம் சிரிக்கிறது, கண்கள் மட்டும் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே எதையோ பார்க்கின்றன. வெகுநாளாகக் காணாத ஒருவரைக் கூட்டத்தில் கண்டுகொண்ட பார்வை.

4

அதிலிருந்து ஞாயிறுதோறும் மலைக்குப் போகிறான். சந்நிதிக்கு அல்ல. அக்கா நின்ற இடத்தில் நின்று, அவள் பார்த்த பக்கம் பார்க்கிறான். ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் குரங்குகள், அப்பால் வானம்.

"சாமி வேணும்னு இல்ல சார். அவங்களுக்கு அங்க இன்னாமோ தெரிஞ்சிருக்குது. எனக்கும் ஒருவாட்டி தெரிஞ்சா போதும்."

அவளையே கேளேன் என்றேன். கேட்டுவிட்டானாம். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஆங்... ஞாபகம் இல்லியேடா. வெயில் கண்ணுல பட்டிருக்கும்" என்றிருக்கிறாள்.

கதையை இங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் அடுத்த ஞாயிறும் அவன் போனான்.

5

அங்கே முருகன் தெரிந்தான் என்று முடித்தால் ஊருக்குப் பிடிக்கும். வெறும் வெயில்தான் என்று முடித்தால் என் நண்பர்களுக்குப் பிடிக்கும். இரண்டையும் எழுதினேன். இரண்டையும் கிழித்தேன்.

போன ஞாயிறு நானும் கூடப் போனேன். அவன் நின்றான். வெகுநேரம் பார்த்தான். ஒரு கணம் அவன் தோள்கள் லேசாக இறங்கின. அவன் முகத்தில் என்ன வந்தது என்று எழுத வேண்டிய இடம் இது. நான் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நாலடி முன்னால் போயிருந்தால் தெரிந்திருக்கும். போகவில்லை.

நீங்கள் அந்த நாலடி போவதென்றால், அவனைக் கூப்பிடாமல் போங்கள்.