ரெண்டு நாளைக்கு ஒண்ணு

"அப்பா, நீங்க பாக்கிற வெள்ளையும் நான் பாக்கிற வெள்ளையும் ஒண்ணுதானா?"

ஏழு வயதில் அவள் கேட்டது. அப்பா அப்போது யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்கு முன்னால் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த பிரஷை வாளி விளிம்பில் வழித்துவிட்டு, "ஒண்ணா இல்லைன்னா எனக்கு எவன் கூலி குடுப்பான்?" என்று சிரித்தார். பெயிண்டர் வேறு எப்படிப் பதில் சொல்வார்? அவளும் சிரித்தாள், மறந்தும் போனாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு. ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். ஒரே ஒரு கால்புள்ளிக்காக ஓடுகிற மெஷினை நிறுத்தச் சொன்னவள் என்பதால், அங்கே எல்லோருக்கும் அவள் 'கால்புள்ளி'. அப்பாவுக்கு மட்டும் இன்னும் 'பாப்பா'.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, பள்ளிப் பாடப்புத்தகத்தின் எட்டாம் பக்கத்தில் அவள் பென்சிலோடு குனிந்திருந்தபோது போன் வந்தது. வீட்டுக்குக் கீழே மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஸ்பேனர் அண்ணன்.

"பாப்பா, பதறாம கேளு. மேல தொம்முனு ஒரு சத்தம். போய்ப் பார்த்தா அப்பா கீழ கெடக்கார். வாந்தி எடுத்திருக்கார். மூச்சு இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டிருக்கோம், நீ நேரா அங்க வந்துடு."

"நீங்க எப்படிண்ணா தூக்கினீங்க? அந்தப் படி..."

"என் கடைக் கதவைக் கழட்டிட்டேன். அதுலதான் படுக்க வச்சிருக்கு."

உதவுகிறவர்களை ஆண்டவன் எங்கே வைத்திருக்கிறான் என்று நமக்குத் தெரிவதில்லை. சில சமயம் மாடிப்படிக்குக் கீழேயே வைத்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தன. திரையில் இதயத் துடிப்பின் எண் முப்பத்து நாலு என்று நின்றது. சற்றுப் பொறுத்து முப்பத்து மூன்று. அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவளை அல்ல, அவள் தலைக்கு மேலிருந்த விளக்கை.

"வந்துட்டான்," என்றார் மெதுவாக. "இங்கயும் வந்துட்டான். வட்டம் போட்டு உட்கார்ந்திருக்கான் பாரு."

அவளையும் அறியாமல் அண்ணாந்து பார்த்தாள். சாதாரண விளக்குதான்.

அத்தை ஏற்கெனவே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் தங்கை. பயத்தையும் வாயையும் ஒரே நேரத்தில் அடக்கத் தெரியாதவள். "நான் அன்னைக்கே சொல்லலாம்னு நெனச்சேன்டி. போன ஞாயித்துக்கிழமை வந்தேன்ல? அந்தப் பின்னறையில பல்பைப் பார்த்துப் பேசிக்கிட்டு நின்னாரு உங்கப்பன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சிட்டு, சோத்துல மஞ்சள் கொட்டிட்டியான்னு எங்கிட்டச் சண்டை. அந்த ரூம்ல ஏதோ இருக்கு."

"இருக்கு அத்தை. பெயிண்ட் வாசனை இருக்கு. ஜன்னலைச் சாத்திக்கிட்டு அடிச்சிருப்பார்."

அப்பா ஒன்றரை வாரமாகப் பின்னறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார், அவளுக்காக. "முடியற வரைக்கும் கதவைத் திறக்காதே, திறந்தா தூசி ஒட்டும்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். அவளுக்கும் பாடப்புத்தக வேலை. காலையில் அவர் எழுவதற்கு முன் போய், அவர் தூங்கிய பிறகு வந்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பாவின் முகத்தைச் சரியாகப் பார்த்துப் பத்து நாளாகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. கேள்விகளை மளமளவென்று கேட்டார்.

"இதயத்துல அடைப்பா இருக்கலாம். மூளையில ஏதாவது இருக்கலாம். நீங்க சொல்ற மாதிரி பெயிண்ட் புகையாவும் இருக்கலாம். துடிப்பை மட்டுப்படுத்துற மாத்திரை ஒண்ணு சாப்பிடறார்னு சொன்னாங்களே, அது எவ்வளவு?"

"ரெண்டு நாளைக்கு ஒண்ணு. முன்னெல்லாம் தினம் ஒண்ணு. சிறுநீரகம் மெதுவா வேலை செய்யுதுன்னு போன சனிக்கு முந்தின சனிக்கிழமைதான் குறைச்சாங்க."

"நிச்சயமா? அது கூடினாலும் இப்படி ஆகும்."

"நிச்சயம் டாக்டர். நானே எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன். எழுத்துல தப்பு விடற ஆள் இல்லை நான்."

டாக்டரம்மா தலையசைத்து, அந்தக் காரணத்தை அடித்துவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள துடிப்பு ஏறலைன்னா கழுத்து வழியா இதயத்துக்கு ஒரு கம்பி விடணும். எதனாலன்னு தெரியாம பண்றது எனக்குப் பிடிக்கலை. அந்தப் பெயிண்ட் டப்பாவையும், மிச்ச மாத்திரையையும் கொண்டு வாங்க."

மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் வீட்டுப் படியேறினாள். நல்ல வெயில். கீழே கதவில்லாத கடை, பல் விழுந்த வாய் போலத் திறந்து கிடந்தது.

பின்னறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

கதவுக்கு இடப்பக்கச் சுவர் வெள்ளை. அப்பாவின் வெள்ளை, கண்ணை உறுத்தாத சுத்த வெள்ளை. அடுத்த சுவரில் லேசாக நீலம் தட்டியிருந்தது. மூன்றாவது சுவர் நீலமேதான். நாலாவது சுவர், அடிபட்டுக் கன்றிப்போன உடம்பின் நிறத்தில், ஈரம் காயாமல் அவளைப் பார்த்து நின்றது. அந்த அறைக்குள் வெயில் நுழைந்து நிறம் மாறிக் கிடந்தது. தன் கையைப் பார்த்தாள். அதுவும் யாரோ ஒருவருடைய கை போலிருந்தது.

மேலே பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கூரையில், பல்பைச் சுற்றி, வட்டம் வட்டமாகப் பிரஷ் ஓடியிருந்தது. ஏதோ ஒன்றை மறைப்பதற்காகத் திரும்பத் திரும்ப அடித்த வட்டங்கள். மறையவில்லை போலிருக்கிறது. கடைசி வட்டம் பாதியில் நின்று, அங்கிருந்து ஒரு கோடு சுவர் வழியாகச் சரேலென்று தரை வரை இறங்கியிருந்தது. கோடு முடிந்த இடத்தில் பிரஷ் கிடந்தது.

ஓடிவிடலாமா என்று கால் கேட்டது. 'கடவுளே, கூட இரு' என்று முணுமுணுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அப்பாவுக்குத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கலவைக் கணக்கைக் கதவின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பார். வெள்ளை பளிச்சென்று தெரிய வாளிக்கு ஒரு மூடி நீலம் விடுவது அவர் வழக்கம். அவள் கதவைச் சாத்திப் பின்பக்கம் பார்த்தாள்.

'செவ்வாய். நீலம் 1 மூடி.'

'வெள்ளி. 2 மூடி. மஞ்சள் தட்டுது.'

'ஞாயிறு. 5 மூடி. இன்னும் மஞ்சள்.'

'செவ்வாய். 9 மூடி. மஞ்சள் போகலை. பாப்பா திட்டுவா.'

எழுத்து வரவர நடுங்கி, கடைசி வரி எறும்பு ஊர்ந்தது போலிருந்தது. அவள் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள். அப்பா நீலம் அடிக்கவில்லை. அவர் வெள்ளைதான் அடித்திருக்கிறார், நாலு சுவருக்கும். ஏழு வயதுக் கேள்விக்கு இதுதான் பதிலா?

போனை எடுத்தாள். "டாக்டர், பெயிண்ட் புகை இல்லை. ஜன்னல் ரெண்டும் திறந்துதான் இருக்கு. அப்பாவுக்கு வெள்ளை மஞ்சளாத் தெரிஞ்சிருக்கு. விளக்கைச் சுத்தி வட்டம் தெரிஞ்சிருக்கு."

டாக்டரம்மா இடைமறித்தார். "அந்த மாத்திரை கூடினா அப்படித்தான் தெரியும். எத்தனை மிச்சம் இருக்கு? இப்பவே எண்ணுங்க."

சமையலறைக்கு ஓடினாள். பத்துப் பத்தாக வாங்கிய இரண்டு அட்டையில் ஒரே ஒரு மாத்திரை பாக்கி. பதினொரு நாளில் ஆறு போயிருக்க வேண்டும். பத்தொன்பது போயிருந்தது.

"எப்படிம்மா?" என்றார் டாக்டர். அவள் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். அச்சுப் பிரதியின் ஓரத்திலிருந்து கிழித்த ஒல்லித் துண்டுக் காகிதம். அவள் கையெழுத்துதான், முத்து முத்தாக.

*ரெண்டு*
*நாளைக்கு ஒண்ணு*

காகிதம் குறுகலாக இருந்ததால் வரி உடைந்திருந்தது. முதல் சொல் மேலே, மற்றது கீழே. இன்றைக்கு ரெண்டு, நாளைக்கு ஒண்ணு என்று அப்பா படித்திருக்கிறார். பக்கத்தில் அவர் பென்சிலால் நாள் தவறாமல் எழுதியிருந்தார்: 2, 1, 2, 1, 2, 1. அதற்கப்புறம் மூளை மங்கிய பிறகு 2, 2, 2, 2, 2. தினமும் காலையில் அந்தச் சீட்டு அவரிடம் ரெண்டு என்றுதான் சொல்லியிருக்கிறது. ஒண்ணு எப்போதும் நாளைக்குத்தான்.

ஊரார் எழுத்தில் எத்தனை வரியை அவள் இழுத்துச் சேர்த்திருப்பாள்!

"டாக்டர்," என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "நான்தான். நான் எழுதினதுதான்."

"அழறதை அப்புறம் வச்சுக்குங்க. காரணம் கிடைச்சிருச்சு. முறிமருந்து பெரிய ஆஸ்பத்திரியில இருக்கு, ஆள் அனுப்பறேன். நீங்க அந்தச் சீட்டோட வாங்க."

அன்று சாயங்காலம் கம்பி விடவில்லை. மருந்து ஏறிய பிறகு திரையில் எண் முப்பத்தெட்டு ஆயிற்று, நாற்பத்தொன்று ஆயிற்று. மறுநாள் மத்தியானம் ஐம்பத்தெட்டு. அப்பா அவளை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

"உன் முகம் கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கு பாப்பா. நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை."

அவள் சீட்டை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் நெனச்சேன். நாளைக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கா, இந்த நாளைக்கு வரவே மாட்டேங்குதேன்னு." இருமிக்கொண்டே சிரித்தார். "கால்புள்ளின்னு பேரு வச்சாங்களே, ஒரு புள்ளியாவது வைக்கப்படாதா?"

"கால்புள்ளி வச்சிருந்தா இன்னும் மோசம்பா," என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவர் கை, ஒயரோடு சேர்ந்து, அவள் தலைமேல் கிடந்தது.

"நேத்து விளக்கைப் பார்த்துச் சொன்னீங்களே, வந்து உட்கார்ந்திருக்கான்னு. அது யாருப்பா?"

அப்பா விளக்கைப் பார்த்தார். "தெரியலை. இப்ப இல்லை. ஆனா கெட்டவனாத் தெரியலை. உன்னை வரச் சொன்னான்."

அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாயிற்று. ஏணி ஏறக்கூடாது என்று உத்தரவு. கீழே ஸ்பேனர் அண்ணனின் கதவு மறுபடி கீலில் ஏறியிருந்தது. படியின் ஒவ்வொரு வளைவும் அதில் கீறலாக விழுந்திருந்தது. வெள்ளைப் பூச்சு செதில் செதிலாக உரிந்து, நடுவில் அப்பா படுத்த இடத்தில் கறை. அவள் பேச்சை எடுத்தபோதெல்லாம் அவர் கையை வீசினார்.

"கதவுதானே! கீறலைப் பார்த்து வண்டி வராமப் போயிடுமா? போம்மா, வேலையைப் பாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடைக்கு விடுமுறை, தெரு காலியாக இருந்தது. அப்பா மேலே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் உப்புத்தாளும் டப்பாவும் பிரஷும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். கதவைத் தேய்த்தாள், கீறல்களைப் பட்டி வைத்து அடைத்தாள், அது உலரும் வரை படியில் உட்கார்ந்திருந்தாள். வாளியில் வெள்ளையைக் கலக்கி ஒரு மூடி நீலம் விட்டாள், ஒன்றே ஒன்று. மேலிருந்து கீழாகப் பிரஷை இழுத்தாள்.

இரண்டாவது பூச்சும் முடிந்து பின்னால் நகர்ந்து பார்த்தாள். அவள் கண்ணுக்கு அது வெள்ளை. இன்னொருவர் கண்ணுக்கு எப்படியோ.

கதவை ஒட்டிய சுவரில், டயர் அடுக்கு மறைக்கும் மூலையில், கலவையைக் குறித்து வைக்கலாமா என்று காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். ஒன்றும் எழுதாமல் பென்சிலைக் காதிலேயே திரும்பச் சொருகிக்கொண்டு, பிரஷைக் கழுவ மாடிக்குப் போனாள்.