சளிக்கு ஒரு சொம்புக் கள்ளு

கொழிஞ்சாம்பாறை ஈஸ்வரமூர்த்திக்குத் தொண்டை கரகரத்ததும் உள்ளுக்குள் ஒரே குஷி. சளி பிடித்தால் மட்டும் மிளகு போட்ட கள்ளு குடிக்கலாம் என்பது பெண்டாட்டி மயிலாத்தாள் போட்ட சட்டம்.

மறுநாள் மூக்கு குழாயாட்டம் ஒழுகியது. அப்புறம் சளி கெட்டியாகி இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. கள்ளிறக்கும் மரமேறி தினமும் கொடுத்ததை உள்ளே கொண்டுபோன மயிலாத்தாள், மிளகு மிதக்கும் சொம்போடு வந்தாள். அவனுக்கு வாசமும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. ஆனாலும் விடுவானா? தினமும் சொம்பைக் காலி பண்ணிவிட்டுத் தள்ளாடினான், ரேடியோவை மிஞ்சிப் பாடினான், கட்டுத்தறிக்குப் போய் எருமையிடம் நியாயம் கேட்டான். நடுவே, "ஆப்பம் பஞ்சாட்ட இருக்குது, மயிலா!" என்று மெச்சவும் செய்தான்.

ஒரு காலையில் மூக்கு திறந்துகொண்டது. ஆசையாகச் சொம்பை வாயில் வைத்தவன் தூவென்று துப்பினான்.

"ஏ புள்ள, இது புளிச்ச கஞ்சித்தண்ணியல்ல?"

"ருசி தெரிஞ்சிருச்சுங்களா? அப்பச் சளி போயிருச்சுங்க. மருந்து போதும்."

"இத்தன நாளும் என்ற கள்ளு எங்க போச்சு?"

"அது இல்லாம ஆப்ப மாவு எப்படிங்க பொங்கும்? அது கெடக்குட்டுங்க, கஞ்சித்தண்ணியக் குடிச்சுப்போட்டா எருமைகிட்ட அந்த ஆட்டம் ஆடுனீங்க?"